ஆணி அடித்த நிழல்

பழனியில் நாங்கள் குடியிருந்த தெருவில் அப்போது ஒரு மரம்கூடக் கிடையாது. இரண்டு மாட்டு வண்டிகள் உரசாமல் போகிற அகலம். இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பாதி வீடுகளின் முன்பக்கம் தகரப் பெட்டி செய்கிற பட்டறைகள். கூரையும் தகரம், செய்கிற சாமானும் தகரம். காலை பத்து மணிக்கு மேல் தெருவில் நடந்தால் தலைக்கு மேலே ஒரு வெயில், சுவரிலிருந்து ஒரு வெயில், காலுக்குக் கீழே கருங்கல்லிலிருந்து ஒரு வெயில் என்று மூன்று வெயில் அடிக்கும். பொழுது சாய்ந்த பிறகும் சுவர்கள் விடாது. பகலெல்லாம் குடித்த சூட்டை விடிய விடியக் கக்கிக்கொண்டிருக்கும். தெருக்கோடியில் நின்று தெற்கே பார்த்தால் மலை நீலமாக நிற்கும். வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து ஓடிப்போய்க் கோடைக்கானலில் ஊர் கட்டிக்கொண்டார்களே, அதே மலைதான். எங்களுக்கு அது பார்ப்பதற்கு மட்டும்.

அந்தத் தெருக்கோடியில் ஒரு சின்ன அச்சகம் இருந்தது. நான் அங்கே எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, பஞ்சாமிர்தக் கடை லேபிள், இவைதான் எங்கள் இலக்கியம். அந்த வயதில் எனக்கு இரண்டு விஷயங்களில் வாய் நீளம். ஒன்று அரசியல். இன்னொன்று பேய், பிசாசு, குறி, மந்திரம். எவனாவது பேயைப் பார்த்தேன் என்று ஆரம்பித்தால் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். அந்தப் பேய் எவ்வளவு உயரம், என்ன நிறம், கட்டியிருந்த சேலை எத்தனை முழம் என்று கேட்டுக் கேட்டு அவனை அழவைத்துவிட்டுத்தான் விடுவேன். பக்கத்துப் பட்டறைக்காரர் ஒரு ராவுத்தர் பாய், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். "ஒன்னயப் பேயி புடிக்காது தம்பி. அதுக்கும் கொஞ்சம் நிம்மதி வேணும்ல" என்பார்.

என் மனைவி மலைக்காரி. தாண்டிக்குடிக்குக் கீழே ஒரு சின்ன ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டமும் மலைவாழையும் உண்டு. தூரத்துச் சொந்தம் என்பதால் பேசி முடித்தார்கள். நல்ல பெண், அதிகம் பேசமாட்டாள். ஆனால் கீழே வந்த முதல் மாதத்திலிருந்தே வாடினாள். உச்சி வேளையானால் வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு மலையையே பார்ப்பாள். என்ன என்று கேட்டால் வெயில் என்பாள். வெயிலைத் தவிர வேறு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, எனக்கே தாங்காத வெயில் அது.

இரண்டாம் வருடம் பங்குனியில் ஒரு பையன் பிறந்தான். சித்திரை பிறந்ததும் உடம்பெல்லாம் வேனல் கட்டி. ஈரத் துணியைத் தொங்கவிட்டோம், தரையில் தண்ணீர் தெளித்துப் பாய் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மத்தியானம் காய்ச்சல் ஏறியது, அடுத்த மத்தியானம் அவன் இல்லை. நாற்பது நாள் குழந்தை. அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

மாமனார் வந்தார். மகளைக் கூட்டிக்கொண்டு போவதற்கு ஜட்கா வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நெழலு இல்லாத தெருவுல எம்மக இனி இருக்கமாட்டா மாப்ள. என்னைக்கு இந்தத் தெருவுல நெழலு விழுகுதோ அன்னைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க." துக்கத்தில் சொன்னதுதான். தெருவுக்கு நிழல் கொண்டுவருவது யாரால் ஆகிற காரியம்? அவர் எனக்குச் சொன்னது, இனிமேல் அனுப்பமாட்டேன் என்பதுதான். ஆனால் எனக்கு அது சவால் மாதிரிப் பட்டது. ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

நகராட்சியில் போய்க் கேட்டேன். தெருவோரம் குழி வெட்டிக்கொள்ளலாம், மரத்தைக் காப்பாற்றுவது தெருக்காரர்கள் பாடு என்றார்கள். கன்று வைத்தால் ஆடு தின்றுவிடும், நிழல் விழுவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும். இச்சி மரத்தில் போத்து வெட்டி நடச் சொன்னவர் பாய்தான். இச்சி ஆலுக்குப் பங்காளி. தொடைப் பருமனில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கிளையை வெட்டி, நுனியில் சாணியை அப்பி மழைக்காலத்தில் ஊன்றிவிட்டால் போதும், அது பாட்டுக்கு வேர்விட்டு மரமாகிவிடும். மூன்றாம் கோடையில் நிழலில் நிற்கலாம். நல்ல போத்துக்கு மலைக்குத்தான் போகவேண்டும். மாமனார் ஊரிலிருந்து வாழைத்தார்கள் குதிரைகளில் இறங்கி, அடிவாரத்திலிருந்து லாரியில் பஞ்சாமிர்தத்துக்காகப் பழனிக்கு வரும். அதே குதிரைகளில் போத்துகளையும் கட்டி அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுப் புரட்டாசிக் கடைசியில் மலையேறினேன்.

மாமனார் அப்போது வடகவுஞ்சிக்கு ஏதோ சோலியாகப் போயிருந்தார். மனைவி எனக்குச் சோறு போட்டாள். மறுநாள் வெள்ளனே உள்ளூர் ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனேன். பத்து மணிக்குள் ஒன்பது போத்து ஆகிவிட்டது. தெருவுக்குப் பத்துக் குழி. பத்தாவதற்கு நல்ல கிளை கிடைக்கவில்லை. குதிரைத் தடத்தில் இறங்கி வரும்போது, ஊருக்குக் கீழே தனியாக ஒரு பெரிய இச்சி நின்றது. தாழ்ந்த கிளை ஒன்று நேராக, கோணல் இல்லாமல், எனக்கென்றே வளர்ந்த மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

ஆட்கள் இருவரும் நின்றுவிட்டார்கள். மூத்தவர், "அது வேணாஞ்சாமி. அது ஆணி மரம்" என்றார்.

கிட்டே போய்ப் பார்த்தேன். மரத்தின் இடுப்புக்கு மேலே எங்கே பார்த்தாலும் ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் சுருட்டிய முடி. பேய் பிடித்தவர்களைக் கோடாங்கி இங்கே கூட்டி வந்து, உச்சந்தலை முடியில் கொஞ்சம் அறுத்து மரத்தில் வைத்து ஆணி அடித்துவிடுவாராம். பிடித்திருந்தது மரத்தோடு தங்கிவிடுமாம், ஆள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விடவேண்டுமாம். மரத்தடியில் வாழை இலைத் துண்டில் ஒரு பிடி சோறு இருந்தது. முந்தின நாள் வைத்ததுபோல, இன்னும் முழுக்கக் காயவில்லை. பேய்க்குக்கூட இந்த ஊரில் சாப்பாடு போடுகிறார்கள், மருமகனுக்குத்தான் குழம்பில் உப்பில்லை என்று சொல்லிச் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

அவர்கள் கோடாலியைத் தரமாட்டார்கள் போல இருந்தது. நானே பிடுங்கி நானே வெட்டினேன். இச்சி வெட்டினால் பால் கொட்டும். இந்தக் கிளையில் பால் வரவில்லை. வறட்சி என்று நினைத்துக்கொண்டேன். தோள் வலிக்க வலிக்க வெட்டினேன் என்பதும், அவ்வளவு நேரமும் மேலே ஒரு பறவைகூடக் கத்தவில்லை என்பதும் இப்போது ஞாபகம் இருக்கிறது. அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. பத்துப் போத்துகளோடு குதிரைகளுக்குப் பின்னாலேயே அன்றைக்கே கீழே இறங்கிவிட்டேன், மாமனார் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

ஐப்பசி முதல் மழையில் நட்டோம். தெருவே கூடி நட்டது. பாய் தன் பட்டறையில் தார் டின்களின் இரண்டு பக்கத்தையும் வெட்டி, பத்துக்கும் கூண்டு செய்து கொடுத்தார். ஆட்டு வாயிலிருந்து அவை தப்பியது அவர் புண்ணியம். பத்தாவது போத்துதான் இருந்ததிலேயே கொழுத்தது. அதை என் வீட்டு வாசலுக்கே வைத்துக்கொண்டேன். மண்ணை மிதித்துவிட்டு நிமிர்ந்தபோது பாய், "தம்பி, இதுல ஒரு ஆணி கெடக்கு" என்றார். நெஞ்சு உயரத்தில், பாசிக்கு நடுவே, ஒரே ஓர் ஆணி. அதன் கொண்டை கறுத்துக் காய்ந்த ஏதோ ஓர் உருண்டைக்குள் மறைந்திருந்தது. வெட்டும்போது என் கண்ணில் படவில்லை. இரும்புச் சத்து மரத்துக்கு நல்லதுதான் என்றேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டே போனார்.

கார்த்திகையில் பத்தும் துளிர்த்துவிட்டன. நிழல் இல்லை, ஆனால் நிழலுக்கு ஆதாரம் இருக்கிறது என்று மாமனாரிடம் வாதாடத் தயாராக மலையேறினேன். வாதாட வேண்டியிருக்கவில்லை. என் மனைவி துணியை மூட்டை கட்டித் தயாராக வைத்திருந்தாள். நான் கூப்பிடுவதற்கு முன்பே, "போவோங்க" என்றாள். மாமனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது புதிதாக இருந்தது போலும்.

எங்கள் தெருவில் வண்டியிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குள் போகவில்லை. நேராகப் பத்தாவது போத்துக்குப் போனாள். எந்த மரம் எங்கிருந்து வந்தது என்று நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் உள்ளங்கையை அந்த ஆணிக்குப் பக்கத்தில் வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் மலையைப் பார்த்து உட்காரவில்லை.

மூன்றாம் கோடையில் நிழல் வந்தேவிட்டது. அதை எப்படிச் சொல்ல? முதலில் சுவர்கள் மாறின. மத்தியானம் சுவரில் முதுகைச் சாய்க்க முடிந்தது. பட்டறைக்காரர்கள் தகரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து தட்டினார்கள். பக்கத்துத் தெரு வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துக் கட்ட எங்கள் தெருவுக்கு வந்தார்கள், அதை ஒட்டிச் சண்டைகூட வந்தது. நிழலுக்கு ஒருவன் உரிமை கொண்டாடுகிற அளவுக்கு எங்கள் தெரு பெரிய தெருவாகிவிட்டது. கடைப் பலகையை மறைக்கிறது, கூரைமேல் சருகு விழுகிறது என்று புலம்பியவர்களும் கட்டிலை அங்கேதான் போட்டார்கள். நான் தெருவில் நடந்தால் நாலு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து மரங்களில் என் வாசல் மரம்தான் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு. அதன் அடியில் இருந்த குளிர்ச்சியும் வேறு. மற்ற மரத்தடியில் வெயில் இல்லாமல் இருக்கும், அவ்வளவுதான். இதன் அடியில் வந்து நின்றால் ஓடைக்கரையில் நிற்கிற குளிர்ச்சி, ஈரப் பாறை வாசனைகூட வரும். சித்திரை வெயிலில் பட்டறைக்காரர்கள் அங்கே சட்டையைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து அடுத்த மரத்தடிக்குப் போய்விடுவார்கள். கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. ஒன்பது மரங்களில் காக்காய்க் கூச்சல் காதைப் பிளக்கும். இந்த மரத்தில் ஒரு காக்காய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதேபோல, மரம் இவ்வளவு பருத்தும் பட்டை அந்த ஆணியை விழுங்கவில்லை. அது நெஞ்சு உயரத்தில், எங்கள் வாசலைப் பார்த்தபடியே இருந்தது.

ஒரு நாள் உச்சி வேளையில் சாப்பிட வந்தேன். தெரு ஆளில்லாமல் கிடந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் என் மனைவியின் குரல் கேட்டது. "பசிக்குதா?" என்றாள். "கொஞ்சூண்டு" என்று பதில் வந்தது. அது மெல்லிய, சின்னப் பிள்ளைக் குரல். மலைப் பக்கத்து இழுவை. சுற்றிப் போய்ப் பார்த்தால் அவள் மட்டும்தான் குந்தியிருந்தாள், எதிரே இலைத் துண்டில் ஒரு பிடி சோறு. யாரோடு பேசுகிறாய் என்றேன். காக்காய்க்குச் சோறு வைத்தேன் என்றாள். இந்த மரத்துக்குத்தான் காக்காயே வராதே என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அன்றைக்குக் குழம்பு காரம் என்று ஒன்றுமில்லாததற்குச் சத்தம் போட்டேன். பயந்தால் எனக்குக் கோபம் வரும். அது அவளுக்குத் தெரியும், எனக்குத்தான் அப்போது தெரியாது.

மரம் நட்ட ஐந்தாம் வருடம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கோடை வந்தபோது வேளைக்கு ஒரு தரம் பிள்ளையின் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆனால் இவள் உடம்பில் ஒரு கட்டிகூட வரவில்லை. வாசல் மரக் கிளையில் தூளி கட்டிப் பகலெல்லாம் அதில் போட்டுவைத்தாள். பிள்ளை பிழைத்தது அந்த நிழலால். அதை நான் யாரிடமும் எங்கேயும் மறுக்கமாட்டேன்.

வினை அந்தத் தூளியில்தான் வந்தது. குழந்தைக்கு ஒரு வயது நெருங்கியபோது, மறு சித்திரையில், எதிர்வீட்டு அம்மாள் ஒரு மத்தியானம் பார்த்திருக்கிறார். காற்று இல்லை, மற்ற மரங்களில் இலை அசையவில்லை, என் மனைவி உள்ளே அம்மியில் அரைத்துக்கொண்டிருக்கிறாள். தூளி மட்டும் ஆடுகிறது. குழந்தை புரண்டு ஆடுகிற ஆட்டம் இல்லையாம்; ஒரு கை தள்ளி, விட்டு, தள்ளி, விட்டு ஆட்டுகிற ஆட்டம். குழந்தை யாரையோ பார்த்துச் சிரிக்கிறது. அந்த அம்மாள் சத்தம் போட்டதும் தூளி நின்றுவிட்டது. வாழைத்தார் லாரிக்காரர் மூலம் ஆணி மரத்துக் கதையும் தெருவுக்குள் வந்து சேர, மாலைக்குள் என் வாசலில் இருபது பேர் கூடிவிட்டார்கள். மரத்தை வெட்டியாகவேண்டும். சின்னப் பிள்ளைகள் நடமாடுகிற இடம் என்றார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. நிழலில் படுத்து உருண்டவர்களெல்லாம் இன்றைக்குக் கோடாலியோடு வருகிறார்கள். உங்களுக்கு மரமா பயம், ஆணிதானே பயம்? இதோ பாருங்கள் என்றேன். பாயிடம் குறடு கேட்டேன். அவர் தயங்கினார், வெரசா கொண்டாங்க பாய் என்று அதட்டினேன். மரத்தில் காலை ஊன்றி, பல்லைக் கடித்து இழுக்கத் தயாரானேன். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. பிசைந்த மாவில் செருகிய குச்சிபோல ஆணி என் கையோடு வந்துவிட்டது. அந்த உருண்டை உடைந்து முடி தொங்கியது. பளபளவென்று, இப்போது எண்ணெய் தடவியதுபோல, ஒரு முழத்துக்கு மேல் இருந்தது. எல்லாருக்கும் காட்டினேன், பேய் எங்கே என்று கேட்டேன். திரும்பினால் என் மனைவி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பிலிருந்த குழந்தையை மெதுவாகத் தரையில் விட்டுவிட்டு, தானும் தரையில் உட்கார்ந்தாள்.

ஆணியையும் முடியையும் அச்சகத்துக்குக் கொண்டுபோய் எழுத்துப் பெட்டியில் 'ஔ' அறையில் போட்டுவைத்தேன். அந்த எழுத்தை மாதத்துக்கு ஒரு தரம்கூட யாரும் தேடுவதில்லை. ஏன் தூக்கி எறியவில்லை என்று தெரியவில்லை.

மறுநாள் காலை மரத்தின் இலைகள் உதிர ஆரம்பித்தன. மத்தியானத்துக்குள் பாதி போய்விட்டது. இச்சி வருடத்துக்கு ஒரு தரம் இலை உதிர்க்கிற மரம்தான் என்று சொல்லிக்கொண்டேன். மற்ற ஒன்பதும் பச்சையாக நின்றன. கிளைகளுக்கு நடுவே வெயில் நேராக இறங்கி வாசலில் விழுந்தது. மூன்று வருடமாக நான் மறந்திருந்த அந்தச் சுவர்ச் சூடு திரும்பி வந்தது. உச்சி வேளைக்கு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி மரத்தடி வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்து சருகுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே குழந்தை கதறுகிறது. பிள்ளை அழுகிறதே என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'ஏங்க' என்பதைத் தவிர வேறு உறவுமுறை சொல்லி அவள் கூப்பிட்டதில்லை.

"மச்சான், அக்கா எங்க?" என்றாள்.

அந்த மெல்லிய குரல். 'கொஞ்சூண்டு' என்று சொன்ன அதே குரல். அக்கா எங்கே என்று கேட்டு ஒரு பெண் மச்சான் என்று கூப்பிடுவது அக்காள் புருஷனைத்தான். என் மனைவிக்குத் தங்கை கிடையாது. ஒரே மகள் என்றுதான் கட்டிக் கொடுத்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது. இந்த ஒரு வரியை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

மூன்று நாள் அப்படி. குழந்தையைக் கொண்டுபோய் மடியில் விட்டால் இது யார் பிள்ளை என்று கேட்பாள். ஆசையாகத்தான் கேட்பாள், ஆனால் பால் கொடுக்கத் தெரியாது. சாப்பாடு கொஞ்சூண்டு. அக்கா எப்போ வருவா, அக்கா கையை விட்டுட்டா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பாய் வீட்டு அம்மாதான் என் மகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தார். பாய் வாழைத்தார்க் குதிரைக்காரர்களிடம் மலைக்கு ஆள் சொல்லியனுப்பினார். என் பெருமை எல்லாம் போய், முதல் குழந்தையைக் காப்பாற்ற முடியாத அதே வாசலில் உட்கார்ந்திருந்தேன். இவளும் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது என்று அழுதேன்.

மூன்றாம் நாள் காலை மாமனார் வந்தார். மகளைப் பார்த்தார், மொட்டை மரத்தைப் பார்த்தார், மரத்தில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். எதுவும் கேட்காமலே புரிந்துகொண்டு துண்டால் வாயைப் பொத்தினார். பிறகு என்னைப் பட்டறை ஓரத்துக்குக் கூட்டிப்போனார்.

"ரெண்டு மக எனக்கு, மாப்ள. சின்னவளுக்குப் பத்து வயசு. ஐப்பசி மழையில ரெண்டு பேரும் கையப் புடிச்சு ஓடையத் தாண்டுனாளுக. இவ கை நழுவிருச்சு, சின்னவள வெள்ளம் கொண்டுபோயிருச்சு. அன்னையிலருந்து இவ வாயில அவதான் பேசுனா. கோடாங்கியக் கூட்டியாந்து அந்த இச்சியில ஆணி அடிச்சோம். நல்லாயிட்டா. ஆனா தெனம் உச்சிக்கு ஒரு புடி சோறு கொண்டுபோயி மரத்தடியில வைக்காம இருக்கமாட்டா. கட்டிக் குடுக்கும்போது சொல்லியிருக்கணும். சொல்லல."

அவள் ஏன் வாடினாள், ஏன் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் கிளையை வெட்டிக்கொண்டு வந்தபின் ஏன் மூட்டை கட்டித் தயாராக இருந்தாள் என்பதெல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் விளங்கியது. அன்றைக்கு உச்சிக்குச் சோறு கொண்டுபோனவள் கிளை வெட்டுப்பட்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள். தங்கை எந்தத் தெருவுக்குப் போனாள் என்று தெரிந்துகொண்டிருக்கிறாள். நான் வெயிலுக்காக மரம் நட்டேன் என்று நினைத்திருந்தேன்.

கோடாங்கி உயிரோடு இல்லை என்றார் மாமனார். வேறு ஆளைத் தேடவேண்டும் என்றார். நான் அச்சகத்துக்கு ஓடினேன். 'ஔ' அறையில் முடி சுருண்டு கிடந்தது. திரும்பி வந்தபோது பாய் தன் பட்டறைச் சுத்தியலோடு மரத்தடியில் நின்றிருந்தார். நான் கேட்கவில்லை, அவரே நீட்டினார். சூரியன் நடு உச்சியில் இருந்தது. தெருவே கதவைச் சாத்திக்கொண்டு சன்னல் வழியே பார்த்தது. இத்தனை வருடத்தில் எத்தனை பேரை இந்த விஷயத்தில் அழவைத்தேனோ, அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, முடியை ஆணியில் சுற்றி அதே ஓட்டையில் வைத்து அடித்தேன். எனக்கு மந்திரம் எதுவும் தெரியாது. மூன்றாவது அடியில், "இங்கேயே இரும்மா, எங்கயும் போகாத" என்று வாயில் வந்தது. ஆணியைச் சுற்றிப் பால் கசிந்து என் விரலில் ஒட்டியது. அந்த மரத்தில் நான் பார்த்த முதல் பால் அதுதான்.

என் மனைவி அன்று பொழுது சாயும்வரை தூங்கினாள். எழுந்தவள், "ஏங்க, புள்ள பாலு குடிச்சுச்சா?" என்று கேட்டாள். மாமனார் எழுந்து வெளியே போய்விட்டார். நான் குழந்தையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். மரத்தை வெட்டவேண்டும் என்று தெருவில் யாரும் பிறகு பேசவில்லை. வெட்டினால் என்ன ஆகும் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும்.

பத்து நாளில் மரம் செந்தளிர் விட்டது. வைகாசி நடுவில் நிழல் பழையபடி வாசலை மூடியது. ஒரு மத்தியானம் இருவரும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். குழந்தை தூளியில் இருந்தது. அந்த மூன்று நாளைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. திடீரென்று அவள், ஆணியைப் பிடுங்கியபோது முடி எவ்வளவு நீளம் இருந்தது என்று கேட்டாள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை கையால் காட்டி, இன்னும் கொஞ்சம் மேலே என்றேன். அவள் தன் சுண்டுவிரலைக் காட்டினாள்.

"கோடாங்கி அறுத்தது இம்புட்டுதாங்க" என்றாள். அந்த ஆணியைப் பார்த்து, "வளந்திருக்கா" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன், போகவில்லை. காற்று இல்லை. தெரு முழுக்க ஒன்பது மரங்களும் அசையாமல் நின்றன. எங்களுக்கு முன்னால் தூளி ஆட ஆரம்பித்தது. தள்ளி, விட்டு, தள்ளி, விட்டு. உள்ளேயிருந்து என் மகள் சிரித்தாள். தூளி உயரே உயரே போயிற்று.

"மெதுவா ஆட்டச் சொல்லு" என்றேன் மனைவியிடம்.